எம்சியில் (மருத்துவ விடுப்பில்) இருப்பவர் பெயரில் பூட்டிக் கிடக்கும் எக்செல் கோப்பு

அலுவலக விண்டோஸ் சர்வரில் உள்ள ஜிஎஸ்டி எக்செல் கோப்பு, எம்சியில் இருக்கும் சக ஊழியர் பெயரில் பூட்டிக் கிடக்கிறது, எப்படித் திறப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பூட்டு சர்வரில் (அலுவலகக் கோப்புகள் இருக்கும் பொதுக் கணினியில்) இருக்கிறது, அங்கேதான் எடுக்க வேண்டும். உங்கள் கணினியை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது. விண்டோஸ் சர்வர் என்கிறீர்கள், அதனால் அட்மின் கணக்கில் நுழைந்து கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ் என்று போங்கள். அந்த ஜிஎஸ்டி கோப்பை ரைட் கிளிக் செய்து 'குளோஸ் ஓப்பன் ஃபைல்' கொடுங்கள்.

ஆனால் மூடுவதற்கு முன் அந்த வரியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எக்செல் காட்டும் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். அது அதே ஃபோல்டரில் ~$ என்று தொடங்கும் மறைந்த சிறு கோப்பிலிருந்து வருவது, பழையதாகவும் இருக்கலாம். பட்டியலில் யாருமே இல்லையென்றால் அந்தச் சிறு கோப்பை மட்டும் அழித்தால் போதும். வேறொருவர் பெயர் இருந்தால், அவருடைய எக்ஸ்ப்ளோரரில் பிரிவியூ பேன் (கோப்பைத் திறக்காமலே உள்ளே இருப்பதைக் காட்டும் பகுதி) திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் கோப்பைப் பிடித்து வைக்கும், பலர் இதைக் கவனிப்பதில்லை.

எம்சியில் இருப்பவர் பெயரே இருந்தால், எக்செலை மூடாமல் லேப்டாப்பைச் சாத்திவிட்டு அலுவலகத்திலிருந்து கிளம்பியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

ஒன்று முக்கியம்: அவர் சேமிக்காத மாற்றங்கள் அவர் லேப்டாப்பில்தான் இருக்கின்றன. பூட்டை எடுக்கும் முன் ஒரு வாட்ஸ்அப் அனுப்பிவிடுங்கள். கோப்பை நகலெடுத்தும் வையுங்கள். திரும்பி வந்ததும் அவர் வேறு பெயரில் சேமிக்கட்டும், இல்லாவிட்டால் நீங்கள் போட்ட கணக்கின் மேல் அவருடைய பழைய பிரதி ஏறிவிடலாம்.

அப்புறம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுத வேண்டிய கோப்பு என்றால் ஷேர்பாயின்ட்டுக்கு (மைக்ரோசாஃப்டின் இணையவழிக் கோப்புச் சேவைக்கு) மாற்றிவிடுங்கள்.