டிரிப் ஆகிற ஹீட்டரைத் திட்டாதீர்கள்: வெந்நீர் கேள்வி பதில்

பினாங்கில் 22 வருடமாக வயரிங், வாட்டர் ஹீட்டர் வேலை செய்கிறேன். அதற்கு முன்பு நான்கு குளிர்காலம் இங்கிலாந்தில் பாய்லர் வேலை. வந்திருக்கும் கேள்விகளில் உயிர் சம்பந்தப்பட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (ஜெலுத்தோங்): அண்ணே, குளிக்கும்போது பைப்பைத் தொட்டால் லேசாக விறுவிறு என்கிறது. பழைய வீடு. மாமியார் "ரொம்ப நாளாவே அப்படித்தான்" என்கிறார்.

பதில்: தங்கச்சி, இதைப் படித்ததும் எழுந்து போய் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மெயின் போர்டில் அந்த லைனுக்குத் தனி பிரேக்கர் இருந்தால் அதையும் இறக்குங்கள். வயர்மேன் வந்து பார்க்கும்வரை அந்தக் குளியலறையே வேண்டாம்.

விறுவிறுப்பு என்றால் எங்கோ மின்சாரம் கசிந்து, எர்த் கம்பி வழியாகப் போக முடியாமல் உங்கள் உடம்பு வழியாகப் போகிறது. பழைய வீடுகளில் ஹீட்டர்வரை எர்த் கம்பி வந்திருக்கும். போர்டில் அதன் மறுமுனை எதிலும் சேராமல் சுருண்டு கிடக்கும். நானே பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னொன்று, மெயினில் இருக்கும் இஎல்சிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் கருவி, 100 மில்லி ஆம்பியர் வகையாக இருக்கலாம். உடம்பில் 30 ஓடினாலே இதயம் தடுமாறக்கூடும். 100க்காகக் காத்திருக்கும் கருவி உங்களைக் காப்பாற்றாது. ஹீட்டர் லைனுக்கென்று 10 மில்லி ஆம்பியர் வகையைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதன் 'டி' (டெஸ்ட்) பொத்தானை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. எர்த்தை வயர்மேன் மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பதிவு பெற்றவராகக் கூப்பிடுங்கள்.

கேள்வி (செந்தூல்): ஹீட்டரைப் போட்டால் வீடே இருட்டாகிவிடுகிறது. தெரிந்தவர் ஒருவர் ஹீட்டர் லைனை இஎல்சிபிக்கு முன்னால் மாற்றிக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார்.

பதில்: தம்பி, அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். நோய் அப்படியே இருக்கும், காவலை மட்டும் எடுத்துவிடுவார்.

எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். தண்ணீர் சூடாகத் தொடங்கிய பிறகு விழுந்தால் பெரும்பாலும் எலிமெண்ட்டில் வெடிப்பு. ஹீட்டரையே மாற்றுவது நல்லது, சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை பார்த்து வாங்குங்கள். சுவிட்சைத் தட்டியதுமே விழுந்தால் உள்ளே ஈரமோ பூச்சியோ இருக்கலாம். போன மாதம் ஒரு வீட்டில் மூடியைக் கழற்றினேன், போர்டின் மேல் காய்ந்த பல்லி ஒன்று இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பாலம் போட்டதுபோல் ஒட்டிக் கிடந்தது. நீங்களாக மூடியைத் திறக்காதீர்கள்.

கேள்வி (கெப்போங், 17ஆவது மாடி): தண்ணீர்த் தடைக்குப் பிறகு ஹீட்டர் சரியில்லை. ஒருநாள் கொதிக்கிறது, ஒருநாள் பச்சைத் தண்ணீர்.

பதில்: அக்கா, ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 3.6 கிலோவாட் ஹீட்டர், நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் தண்ணீரைச் சுமார் 13 டிகிரி ஏற்றும். 27 டிகிரி தண்ணீர் 40 ஆகும், குளிக்க இதம். அதுவே 2 லிட்டராகக் குறைந்தால் 26 டிகிரி ஏறும், தோல் பொறுக்காது. இன்னும் குறைந்தால் உள்ளே தண்ணீர் ஓட்டத்தை உணரும் சுவிட்ச் மின்சாரத்தையே இணைக்காது, பச்சைத் தண்ணீர்தான் வரும்.

தடை முடிந்து குழாய் திறக்கும்போது வரும் கலங்கலில் மணலும் துருவும் இருக்கும். அது ஹீட்டருக்குள் நுழையும் இடத்திலுள்ள சின்ன வலையில் போய் அடைத்துக்கொள்கிறது. மின்சாரத்தையும் வால்வையும் மூடி, வலையை எடுத்துப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். காப்பித் தூள் மாதிரி வரும். ஷவர் தலையையும் கழற்றிக் கழுவுங்கள். அடுத்த தடவை தண்ணீர் திரும்பியதும் முதலில் ஹீட்டர் இல்லாத குழாயைத் தெளியும்வரை திறந்துவிடுங்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): கூரை மேல் சோலார் ஹீட்டர், 150 லிட்டர். மத்தியானம் வால்விலிருந்து சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?

பதில்: ஐயா, வேண்டவே வேண்டாம். 150 லிட்டர் தண்ணீர் 27லிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 2 லிட்டர் விரியும். அது வெளியேற வழி வேண்டும், அதற்குத்தான் அந்த வால்வு. வெயில் நேரத்தில் கொஞ்சம் சொட்டினால் இயல்பு. இரவிலும் நிற்காமல் ஓடினால் வால்வை மாற்றுங்கள். மூடி போட்டு இறுக்கிய தொட்டியில் வெப்பம் கட்டுப்பாட்டை மீறினால் தண்ணீர் நீராவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்கு விரியும். கூரை தாங்காது.

இதே தொட்டி பற்றி வேறொருவர் வெந்நீர் மட்டும் செம்பட்டையாக வருகிறது என்று கேட்டிருந்தார். உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக்கொண்டிருக்கும், அது தீர்ந்தால் தொட்டியே துருப்பிடிக்கும். கழற்றிப் பாருங்கள், விரல் பருமனாக இருந்தது குச்சியாகிவிட்டிருந்தால் மாற்ற வேண்டிய நேரம்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): மகள் இங்கிலாந்தில், லீட்ஸில் படிக்கிறாள். அறையில் ரேடியேட்டர் மேல்பாதி குளிர்ந்து கிடக்கிறதாம். என்ன செய்யச் சொல்ல?

பதில்: அம்மா, உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிடச் சொல்லுங்கள். மேல் ஓரத்தில் இருக்கும் சின்னச் சதுர ஆணியில் சாவி போட்டு, கீழே துணி பிடித்து, கால் சுற்று திருப்பினால் உஸ்ஸென்று காற்று வரும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடலாம். பிறகு பாய்லரின் அழுத்த முள், குளிர்ந்த நிலையில் 1க்கும் 1.5 பாருக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கட்டும். குறைந்திருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லட்டும். பாய்லர் மூடியை மட்டும் தொட வேண்டாம். அங்கே கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவு உள்ளவர்தான் திறக்கலாம். குளிர்ந்து கிடப்பது அடிப்பாதியானால் அது காற்றில்லை, கறுப்புச் சேறு. அதையும் வீட்டுக்காரர்தான் கழுவித் தர வேண்டும்.

ஜெலுத்தோங் தங்கச்சி, வயர்மேன் வந்து எர்த்தைப் பார்த்ததும் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதுங்கள். அதுவரை எனக்கும் நிம்மதியில்லை.