ஃபொக் லைட் வாங்குமுன்: வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலைக் கராஜிலிருந்து பதில்

மார்கழி, தை மாதங்களில் வரும் கடிதங்களில் பாதி ஃபொக் லைட் பற்றியவைதான். இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

*கேள்வி: தம்பலகாமத்திலிருந்து கொழும்புக்கு வேன் ஓட்டுகிறேன். தை மாதத்தில் விடியப்புறம் புறப்பட்டால் வயல்வெளி முழுக்கப் பனி மூடிக் கிடக்கிறது. ஹை பீம் போட்டால் இன்னும் மோசம். நல்ல பவரான ஃபொக் லைட் ஒன்று சொல்லுங்கள். — வேன் சாரதி, தம்பலகாமம்*

தம்பி, பவரைப் பார்த்து வாங்க வேண்டாம். வெளிச்சம் எந்த வடிவத்தில் விழுகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

மழையில் ஊறிய வயல், காற்றில்லாத தெளிந்த இரவு, விடியற்காலைக் குளிர், இந்த மூன்றும் சேர்ந்தால் பனி தரையோடு ஒட்டி இறங்கும். தம்பலகாமத்திலும் முள்ளிப்பொத்தானையிலும் கந்தளாய் வயல்களிலும் நடப்பது இதுதான். காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளில் ஹை பீம் நேராகப் போய்ப் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்புகிறது. 100 வொட் பல்ப் போட்டால் திரும்பி வரும் வெள்ளையும் அதே அளவுக்குக் கூடும். அதனால் பனிக்குள் போகும்போது முதலில் டிம்முக்கு இறக்குங்கள்.

ஃபொக் லைட் தூரத்தைக் காட்டுவதற்கான லைட் அல்ல. அது தாழ்வாக இருந்து, இரண்டு பக்கமும் அகலமாக, தரையோடு வெளிச்சத்தைப் பரப்ப வேண்டும். மேலே ஒரு துளியும் போகக் கூடாது. அப்போதுதான் வீதியோரக் கோடும் மதகுக் கட்டும் ஓரமாகச் சைக்கிளில் போகிறவரும் தெரிவார்கள்.

கடையில் பற்றரியில் கொடுத்துச் சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராக வெட்டி நிற்க வேண்டும். நடுவில் ஒரு வட்டப் பொட்டு மட்டும் பளிச்சென்று விழுந்தால் அது ஸ்பொட் லைட். பெட்டியில் ஃபொக் என்று அச்சடித்திருந்தாலும் வேண்டாம். கண்ணாடியிலுள்ள குறியையும் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ (E) எழுத்தும் ஓர் இலக்கமும், பக்கத்தில் ‘பி’ (B) அல்லது ‘எஃப் 3’ (F3) என்றும் இருந்தால், ஐரோப்பிய விதிப்படி முன்பக்க ஃபொக் லைட்டாக அங்கீகரிக்கப்பட்டது என்று பொருள். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஜப்பான் வாகனங்களிலிருந்து கழற்றிய ஒரிஜினல் சோடிகளும் கிடைக்கும். பளபளக்கும் மலிவான புதுச் சோடியை விட, கண்ணாடி மங்காத பழைய ஒரிஜினலைத்தான் நான் சொல்வேன்.

ஹலோஜன் கூட்டுக்குள் எல்.ஈ.டி. பல்ப் செருகுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டின் வளைவு, ஹலோஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. எல்.ஈ.டி. சிப்புகள் சரியாக அந்த இடத்தில் அமையாவிட்டால் வெளிச்சம் சிதறி மேலேயும் போகும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசும், உங்களுக்கு முன்னால் பனி வெள்ளையாகும். எல்.ஈ.டி. வேண்டுமானால் எல்.ஈ.டி.க்கென்றே செய்த முழு லைட்டாக வாங்குங்கள்.

எந்த லைட் போட்டாலும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 17 மீற்றர் போகிறீர்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை செக்கன் ஆனால், வாகனம் வேகம் குறையத் தொடங்குமுன்பே 25 மீற்றர் போய்விடும். பனியில் 30 மீற்றர்தான் தெரிகிறதென்றால் மிச்சம் 5 மீற்றர். பின்னால் பிள்ளைகளும் வயதானவர்களும் நித்திரையாக இருக்கிறார்கள் தம்பி. அரை மணித்தியாலம் பிந்திப் போனால் ஒன்றும் ஆகாது.

*கேள்வி: என் வேனின் பம்பரில் ஃபொக் லைட்டுக்கு இடம் விட்டு மூடி போட்டிருக்கிறது. ஒருவர் கூரைக் கரியரில் பூட்டினால் இன்னும் நல்லது என்கிறார். ஹெட் லைட் வயரிலேயே இணைக்கலாமா? — கிண்ணியா வாசகர்*

நானா, கூரையில் பூட்டவே வேண்டாம். லைட் உங்கள் கண்ணுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ, அவ்வளவு வெளிச்சம் பனியில் பட்டு நேரே கண்ணுக்குத் திரும்பும். அந்த மூடி இருக்கும் இடம்தான் சரியான இடம். ஹெட் லைட்டுக்குக் கீழே, தரையிலிருந்து 25 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

ஹெட் லைட் வயரில் இணைப்பது ஆபத்து. 55 வொட் பல்ப் இரண்டு என்றால் 110 வொட். 12 வோல்ற்றில் 9 அம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த வயரும் சுவிட்சும் இந்தச் சுமைக்குச் செய்தவை அல்ல. சூடேறி உருகும். பற்றரியிலிருந்து தனி வயர் எடுத்து, பற்றரிக்குக் கிட்டவே 15 அம்பியர் பியூஸ் போட்டு, றிலேயின் (சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சிறு பெட்டி) 30 என்று எழுதிய முனைக்குக் கொடுங்கள். 87இலிருந்து லைட்டுக்கு, 86க்குச் சுவிட்ச், 85 பொடிக்கு, அதாவது வாகனத்தின் இரும்பு உடலுக்கு. சுவிட்சுக்கான கரண்டைப் பார்க் லைட் வயரிலிருந்து எடுத்தால், லைட் எல்லாம் அணைக்கும்போது இதுவும் அணைந்துவிடும்.

நம் ஊருக்கென்று ஒரு வேலையும் இருக்கிறது. கடல் காற்றில் செம்பு வயர் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வரும் வாகனங்களில் லைட் மங்கினால் நான் முதலில் பார்ப்பது பொடி இணைப்பைத்தான். பெயின்ரைச் சுரண்டி இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். இணைப்புகளைச் சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். இன்சுலேஷன் ரேப் மட்டும் சுற்றினால் மாரி மழைக்குத் தாங்காது.

பூட்டியபின் சுவரிலிருந்து 25 அடி தள்ளி, சம தரையில் நிறுத்துங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, லைட்டின் நடு உயரத்தை விட 4 அங்குலம் கீழே விழ வேண்டும். பின்சீற்றில் ஆள் ஏறினால் முன்பக்கம் தூக்கும் என்பதால் வழமையான பாரத்தோடே வைத்துப் பாருங்கள்.

*கேள்வி: மஞ்சள் லைட் பனியை ஊடுருவும் என்கிறார்களே, உண்மையா? — ஆசிரியை, உவர்மலை*

ஊடுருவாது, ரீச்சர். காற்றின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை என்பதால் நீலத்தை அதிகம் சிதறடிக்கின்றன, வானம் நீலமாகத் தெரிகிறது. பனித்துளி அப்படியல்ல. ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய அரை மைக்ரோமீற்றர். துளியோ பெரும்பாலும் அதைப் போல் பல மடங்கு பெரியது. அந்த அளவுக்கு எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சிதறும். பிரான்சில் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை வாகனங்களுக்கு மஞ்சள் ஹெட் லைட் கட்டாயமாக இருந்தது, பிறகு கைவிட்டார்கள்.

ஆனாலும் மஞ்சள் பலருக்குக் கண் கூச்சத்தைக் குறைக்கிறது. நீலம் கலந்த வெள்ளை எரிச்சலைக் கூட்டும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் பெட்டியில் போட்டிருப்பார்கள். 3000 கெல்வின் மஞ்சளோ 4300 அளவிலான இளவெள்ளையோ எடுங்கள், நீலமடிக்கும் 6000 வேண்டாம். மஞ்சள் ஸ்ரிக்கர் ஒட்டினால் வெளிச்சம் குறைவதுதான் மிச்சம்.

*கேள்வி: சித்திரை விடுமுறையில் ரம்பொடை ஏற்றத்தில் பனிக்குள் எல்லோரும் நாலு சிக்னலையும் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நாமும் அப்படிச் செய்ய வேண்டுமா? — குடும்பத் தலைவி, நிலாவெளி*

வேண்டாம் அக்கா. ஓடிக்கொண்டிருக்கும்போது நாலும் மின்னினால் நீங்கள் நிற்கிறீர்களா, போகிறீர்களா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. நீங்கள் திரும்பப் போவதையும் காட்ட முடியாது. வாகனம் நின்றுவிட்டால் மட்டும் போடுங்கள்.

பின்பக்கச் சிவப்பு ஃபொக் லைட் இருந்தால் இதற்குத்தான் அது. இடது பக்கம் ஓட்டும் நாடுகளின் வாகனங்களில் ஒன்றே ஒன்று இருந்தால் வலது பக்கத்தில் இருக்கும். சாதாரண பின்லைட்டை விட மிகவும் பிரகாசமானது. பிரித்தானியாவில் 100 மீற்றருக்கு அப்பால் தெரியாதபோதுதான் அதைப் போடலாம். நாமும் அதையே பின்பற்றலாம். பனி விலகியதும் அணையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பிரேக் லைட் அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும்.

*கேள்வி: இரவில் கந்தளாய் – ஹபரணை வீதியில் யானைக்கு ஃபொக் லைட் உதவுமா? — லொறிச் சாரதி, சீனக்குடா*

பனியில்லாத இரவில் உதவாது, கெடுதல்தான். பம்பருக்கு முன்னால் தரை பளிச்சென்று தெரிந்தால் கண்மணி சுருங்கி, தூரத்து இருட்டில் நிற்கும் உருவம் இன்னும் மங்கிவிடும். யானையின் தோல் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, அதைத் தூரத்திலேயே காண வேண்டும். எதிரே வாகனம் இல்லாவிட்டால் ஹை பீம், மெதுவான வேகம், சுத்தமான கண்ணாடி. ஹெட் லைட் கண்ணாடி மஞ்சளாகிப் போயிருந்தால் புது லைட்டுக்குக் காசு செலவழிக்குமுன் அதைத் தேய்த்துப் பொலிஷ் பண்ணுங்கள். அந்த வீதியில் அக்போபுர ஊரைத் தாண்டும்போது ஃபொக் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.