உறைபனியில் கிரில் அடுப்பு: கேள்வி பதில்

கேள்வி: கோடையில் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும் கோழித் தொடைகள், பனிக்காலத்தில் ஒரு மணி நேரம் கடந்தும் எலும்பருகே சிவந்தே இருக்கின்றன, ஐயா. குளிர்தான் காரணமா?

பதில்: குளிருக்கும் பங்கு உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய காரணங்கள் காற்றும், மூடியை அடிக்கடி திறந்து பார்ப்பதும்தான். காற்று மெல்லிய தகட்டைத் தொட்டுச் செல்லும்போதெல்லாம் அதன் சூட்டை வாரிக்கொண்டு போகிறது. மூடியைத் திறந்தாலோ, உள்ளே சேர்ந்திருந்த வெப்பக்காற்று முழுவதும் ஒரே நொடியில் வெளியேறி, மீண்டும் சூடேறப் பல நிமிடங்கள் ஆகின்றன. ஆகவே இறைச்சியை வைப்பதற்கு முன் 20 முதல் 30 நிமிடம் வரை மூடியபடி அடுப்பைச் சூடாக்குங்கள். வைத்த பின் திருப்புவதற்கு மட்டும் திறவுங்கள்.

எலும்பருகே தெரியும் சிவப்பை நம்பி முடிவு செய்ய வேண்டாம். எலும்பு மஜ்ஜையின் நிறம் கசிவதாலும் நன்கு வெந்த கோழி அங்கே சிவந்து தெரியும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் சதையின் தடித்த பகுதியில் செருகி, 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் இறக்கலாம். குளிர்காலச் சமையலுக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கேள்வி: சிலிண்டரில் பாதி எரிவாயு இருந்தும் தீ சிறுத்துவிடுகிறது. வெளிப்புறத்தில் வெண்பனி படிகிறது. வெந்நீர் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம், தீயால் சூடாக்கவும் கூடாது. சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது ஆவியாக மாறினால்தான் அடுப்பு எரியும். அப்படி மாறுவதற்கான வெப்பத்தை அது சிலிண்டரின் உலோகத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால், உள்ளே திரவம் நிற்கும் உயரம் வரை வெளியே பனி படிகிறது. சிலிண்டரில் அடைக்கும் எரிவாயுக்களில் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் கொதித்து ஆவியாகும். பியூட்டேனோ ஏறக்குறைய பூஜ்ய டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். எனவே உறைபனிக் காலத்தில் புரொப்பேன் சிலிண்டரையே பயன்படுத்துங்கள். அது நிறைந்திருந்தால் மேலும் நல்லது, ஏனெனில் திரவம் படும் உலோகப் பரப்பு கூடுதலாக இருக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வால்வைச் சட்டென்று திறந்தால், சில ரெகுலேட்டர்களில் உள்ள பாதுகாப்பு அமைப்பு, கசிவு ஏற்பட்டதாகக் கொண்டு வாயுவின் ஓட்டத்தைக் குறைத்துவிடும். தீ சிறுத்ததற்குக் குளிரின்மேல் பழி விழும். எல்லாவற்றையும் அணைத்து, சில நிமிடம் பொறுத்து, கிரில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வால்வை மெதுவாகத் திருகிப் பாருங்கள்.

கேள்வி: காற்று தாங்க முடியவில்லை. கார் நிறுத்தும் கூடத்தில், கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சுடலாமா?

பதில்: கூடாது. கூடத்திலும் கூடாது, கூடாரத்திலும் கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கித் தணல் மட்டும் கனன்றுகொண்டிருக்கும் வேளையிலும் அது வந்துகொண்டே இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் நானும் கதவைத் திறந்துவிட்டோமே என்ற துணிச்சலில் கூடத்துக்குள் சுட்டிருக்கிறேன். அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது, குமட்டியது. வெளியே வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான் காரணமே புரிந்தது. தலைவலியும் குமட்டலும் மயக்கமும் அந்த நஞ்சின் அடையாளங்கள். அவை தோன்றினால் உடனே எல்லோரையும் வெளியே அழைத்து வந்து மருத்துவ உதவியை நாடுங்கள்.

காற்றைத் தடுக்க வேறு வழி இருக்கிறது. வீட்டுச் சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, எரிவாயு கிரிலைக் காற்று பக்கவாட்டில் படும்படி திருப்பி வையுங்கள். பின்புறமிருந்து வீசும் காற்று, தீயைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் இருக்கும் முன்பக்கத்துக்குச் சூட்டைத் தள்ளிவிடும்.

கேள்வி: பீங்கான் கிரிலை உறைபனியில் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம்; தடித்த சுவர் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் சிறு தீயில் தொடங்கி மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள், இல்லையேல் ஈரம் ஊறிய பீங்கான் விரிசல் விடக்கூடும். மூடி உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பலவந்தமாக இழுக்காதீர்கள். மூடியின் ஓரத்தில் இடைவெளியை அடைக்கும் பட்டை கிழிந்துவிடும்.

கேள்வி: கம்பளிக் கையுறை போதுமா, ஐயா?

பதில்: போதாது. பனியில் நனைந்த கையுறையால் சூடான கைப்பிடியைப் பிடித்தால், அந்த ஈரமே ஆவியாகி விரல்களை வெந்துபோகச் செய்யும். வெப்பம் தாங்கும் உலர்ந்த தோல் கையுறையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். தொங்கும் கழுத்துத்துணியை மேற்சட்டைக்குள் செருகிவிடுங்கள்.

கேள்வி: சமையல் முடிந்ததும் மீதித் தணலைப் பனியில் கொட்டினால் அணைந்துவிடுமல்லவா?

பதில்: நீறு பூத்த நெருப்பு என்று நம்மவர்கள் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும். மேலே சாம்பல் பூத்து, கறுத்து, அணைந்ததுபோல் தெரியும் கங்கு, பனியை உருக்கிக் கீழே இறங்கி, அடியில் கிடக்கும் சருகையோ மரப்பலகையையோ தொடக்கூடும். காற்றுத் துளைகளையும் மூடியையும் அடைத்து, தணலைக் கிரிலுக்குள்ளேயே அணைய விடுங்கள். 48 மணி நேரம் கழித்துச் சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, மரத்தளத்தின்மேல் வைக்காமல் வெறுந்தரையில் வையுங்கள்.