ஆகஸ்ட் பில்

கேள்வி: மே மாதம் வீட்டு வரி 2,500 டாலர் கட்டினேன். ஆகஸ்ட் பில் 2,700 என்று வந்திருக்கிறது. ஒரே தாவலில் 8 சதவீதம்! பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கே போகிறது. என் பிள்ளைகளோ படித்து முடித்து ஊரைவிட்டே போய்விட்டார்கள். வரி உயர்வுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தால் பள்ளி நிர்வாகம் தானாகச் சிக்கனம் பழகாதா?
– ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: வரம்பு உங்கள் மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது ஐயா. 2010-ல் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி கையெழுத்திட்ட சட்டம்: வருஷத்துக்கு 2 சதவீதம். அதற்கு முன் 4.

முதலில் அந்த 8-ஐப் பார்ப்போம். வரி வருஷத்துக்கு நாலு தவணை. அதில் பிப்ரவரி, மே தவணைகள் போன வருஷ வரியை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. புது விகிதம் வருஷ நடுவில்தான் முடிவாகும். அதனால் முழு உயர்வும் ஆகஸ்ட், நவம்பர் தலையில் விழுகிறது. போன வருஷம் 10,000, இந்த வருஷம் 10,400. உயர்வு 4 சதவீதம்தான். பாதிக் கோபத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

மீதிப் பாதி நியாயமானது. 2 என்று சொல்லிவிட்டு 4 எப்படி? அந்த வரம்பு உங்கள் வீட்டுக்கு இல்லை, ஊரில் வசூலிக்கும் மொத்தத் தொகைக்கு. மறுமதிப்பீட்டில் உங்கள் வீடு மற்ற வீடுகளைவிட அதிகம் ஏறினால் உங்கள் பங்கும் ஏறும். ஊரும் பள்ளியும் வாங்கிய கடனின் தவணை வரம்புக்குள் வராது. ஊழியர்களின் மருத்துவக் காப்பீடு எகிறினால் அதற்கும் சலுகை உண்டு. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதை.

சிக்கனமா? பள்ளி பட்ஜெட்டில் பெரும்பங்கு சம்பளம். அதில் சிக்கனம் என்றால் ஆளைக் குறைப்பது என்று அர்த்தம். 2018-ல் மாநில அரசு நிதியுதவிக் கணக்கை மாற்றிப் பல பள்ளி மாவட்டங்களுக்குப் படிப்படியாகக் குறைத்தது. உதவியும் போச்சு, வரியையும் ஏற்ற முடியாது; மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கடைசியில் 2024-ல், உதவி இழந்த மாவட்டங்கள் தற்காலிகமாக வரம்பைத் தாண்டலாம் என்று தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

இதைவிட இறுக்கமாகப் பூட்டிய ஊர் கலிபோர்னியா. 1978-ல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவின்படி வரி, மதிப்பில் 1 சதவீதம். வீடு கைமாறும்வரை மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. சொத்து வரி வருமானம் பாதிக்கும் கீழே போனது. பள்ளிகளின் கல்லாப்பெட்டி மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்கு இடம் மாறியது. மாநில வருமான வரி தும்மினால் வகுப்பறைக்கு ஜலதோஷம். 1988-ல் லாஸ் ஏஞ்சலஸில் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கிய பெண்மணி ஒருவர், அதே மாதிரி வீட்டில் பழைய காலத்திலிருந்து இருப்பவரைப்போல் சுமார் ஐந்து மடங்கு வரி கட்ட நேர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1992-ல் அவர் தோற்றார்.

வரம்பு செலவைக் குறைப்பதில்லை. யார் கட்டுவது என்பதை மாற்றுகிறது. மாநில அரசு அந்தப் பள்ளத்தை நிரப்புமானால் நானும் உங்கள் கட்சிதான்.

பிள்ளைகள் போய்விட்டார்கள் என்கிறீர்கள். அவர்கள் படித்த நாளில் பிள்ளையே இல்லாத வீடுகளும் கட்டின. நாளைக்கு வீட்டை விற்கும்போது விளம்பரத்தில் "நல்ல பள்ளிக்கூடம்" என்று முதல் வரியில் போடத்தானே போகிறீர்கள்?

அதுசரி, உங்களுக்கு 65 ஆகிவிட்டதா? வருமான வரம்புக்குள் இருக்கும் மூத்தவர்களுக்கு வரி உயர்வைத் திருப்பித் தரும் 'சீனியர் ஃப்ரீஸ்' திட்டம் உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. விண்ணப்பம் போட்டீர்களா?