பதில்: ஸ்டார் வார்ஸா, அவதாரா?

கோத்தகிரியில் கல்லூரி விழா சார்ட்டுக்கு ஸ்டார் வார்ஸ் (1977), அவதார் (2009) அமெரிக்க வசூலை எப்படி ஒப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். டாலரை விடுங்கள், தலையை எண்ணுங்கள்: வசூலை டிக்கெட் விலையால் வகுத்தால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தோராயமாக வரும். அங்கே சராசரி டிக்கெட் 1977இல் 2.23 டாலர், 2009இல் 7.50. ஆனால் ஸ்டார் வார்ஸின் 46 கோடி டாலரை மொத்தமாக 2.23ஆல் வகுத்துவிடாதீர்கள். அதில் சுமார் 13.8 கோடி 1997 மறுவெளியீட்டில் வந்தது. அப்போது டிக்கெட் 4.59. தனித்தனியாக வகுத்துக் கூட்டுங்கள். இப்படிப் பார்த்தால் ஜெயிப்பது பழைய படம்தான். அவதாருக்கு 3டி டிக்கெட் விலை வேறு கூடுதல், அதனால் கணக்கில் வருவதைவிட ஆட்கள் குறைவு.

அப்புறம், ஊட்டி அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டரின் பழைய டிக்கெட் விலை தெரிந்த பெரியவர் கிடைத்தால் கேட்டு ஓரத்தில் எழுதுங்கள். நம்மூர்க்காரர்களுக்கு டாலரைவிட அது சட்டென்று புரியும்.