எட்டு வயது மகனின் எடை 34 கிலோ. இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் ஓடவைக்கலாமா?

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். வீட்டில் எல்லோரும் தூங்கும்போது அவனை மட்டும் எழுப்பி ஓடவிடுவதாக இருந்தால் அதுவும் வேண்டாம். நான் தொடக்கப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. இதே கேள்வியோடு பெற்றோர் என்னிடம் வராத ஆண்டே இல்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எடையைச் சொன்ன நீங்கள் உயரத்தைச் சொல்லவில்லை. இந்த வயதில் எடையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 128 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 20.8 வருகிறது. பெரியவர்களுக்கு அது நல்ல எண். எட்டு வயதுப் பையனுக்கோ, உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணைப்படி, ஏறக்குறைய 17.4ஐத் தாண்டினாலே மிகை எடை, 19.7ஐத் தாண்டினால் உடல் பருமன். ஆகவே உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் அடுத்த ஆண்டு அவன் 134 சென்டிமீட்டராக வளர்ந்து, எடை அதே 34இல் நின்றால் அந்த எண் 19க்குக் கீழே வந்துவிடும். ஒன்பது வயதுக்கு அது மிகை எடைதான், பருமன் அல்ல. ஒரு கிலோவும் குறையாமலே ஒரு படி இறங்கியிருப்பான். வளரும் பிள்ளைக்கு இருக்கும் இந்த வசதி நமக்கு இல்லை. பட்டினி போட்டு அதைக் கெடுக்க வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அப்பா என்னிடம் வந்தார். "டீச்சர், மற்றவர்கள் விளையாடும்போது இவளை மட்டும் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுங்கள். எங்கள் பேச்சைக் கேட்பதில்லை" என்றார். முடியாது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் பார்க்க ஒருத்தி மட்டும் தண்டனையாக ஓடினால், அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் ஓட்டத்தையே வெறுப்பாள். வீட்டில் அம்மா ஏற்கெனவே இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கியிருந்தார். அதன் பலன் என்ன தெரியுமா? மதிய இடைவேளையில் மற்றப் பிள்ளைகளின் டப்பாக்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னேன். எத்தனை மணிக்குத் தூங்கினாள், என்ன குடித்தாள், சாப்பிடும்போது எதிரில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, இவ்வளவுதான். "என்ன சாப்பிட்டாள் என்று எழுத வேண்டாமா?" என்று கேட்டார். அதைத்தான் அம்மா ஒவ்வொரு கவளமாக எண்ணிக்கொண்டிருக்கிறாரே என்றேன்.

நோட்டில் காரணம் தெளிவாக இருந்தது. தூங்குவது பதினொரு மணிக்கு, எழுவது ஆறு மணிக்கு. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இவளுக்குக் கிடைத்தது ஏழு. அப்பா வேலை முடிந்து பத்து மணிக்குத்தான் வீடு வருவார். அதுவரை கையில் போனோடு விழித்திருப்பாள். வந்ததும் அவரோடு உட்கார்ந்து இரண்டாவது முறை சாப்பிடுவாள். அவர் ஆசையாக வாங்கிவரும் இனிப்புப் பானமும் அப்போதுதான் உள்ளே போகும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. மறுநாள் மைதானத்தில் ஓட அந்தப் பிள்ளைக்குத் தெம்பு ஏது?

பானத்தை லேசாக நினைக்காதீர்கள். 330 மில்லி கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் ஒரு நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நாளுக்கு 1500 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது 37 கிராம்தான். ஒரே டின்னில் கணக்கு முடிந்தது. பழச்சாறும் இதே கணக்கில்தான் வரும். கடித்துத் தின்னும் முழுப் பழம் வராது.

"நான் வருவதற்குள் தூங்கிவிட்டால், அவளை நான் எப்போதுதான் பார்ப்பது?" என்று அந்த அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அவரை யாரும் பொறுப்பில்லாதவர் என்று சொல்ல முடியாது. காலையில் பாருங்கள் என்றேன். பள்ளி வேனை நிறுத்திவிட்டு, மகளோடு அவரே பேசிக்கொண்டு நடந்துவந்து விட்டுச் செல்ல ஆரம்பித்தார். ஒன்பது மணிக்குத் தூக்கம், சாப்பிடும் இடத்தில் திரை கிடையாது, தாகத்துக்குத் தண்ணீர். இந்த விதிகள் அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான். அவள் ஒல்லியாகிவிடவில்லை. எடை ஏறும் வேகம் அடங்கியது, உயரம் எடையை எட்டிப் பிடித்தது. ஐந்தாம் வகுப்பில் எங்கள் ஓட்டக் குழுவுக்குத் தானாகவே பெயர் கொடுத்தாள்.

மரபணுவை மறந்துவிட்டாயா என்று யாராவது வருவீர்கள். மறக்கவில்லை, உடல்வாகில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் உலக அளவில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் உடல் பருமன் உள்ளவர்கள் 1990இல் 2 சதவீதம், 2022இல் 8 சதவீதம். முப்பத்திரண்டு ஆண்டுகளில் மனிதனின் மரபணு மாறிவிடாது. வேலைக்குப் போகும் பெற்றோரைக் குறை சொல்கிறேன் என்றும் எழுதாதீர்கள். நானும் வேலைக்குப் போகும் தாய்தான்.

நான் மருத்துவர் அல்ல. பிள்ளையின் உயரம் கூடாமல் நின்றுவிட்டால், கழுத்தின் பின்புறம் தோல் கறுத்துத் தடித்தால், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால், அடிக்கடி தாகமும் சிறுநீரும் இருந்தால், இடுப்பு அல்லது முழங்கால் வலியால் நொண்டினால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நன்றாக உயரம் வளரும் பிள்ளையின் எடைக்கு ஹார்மோன் கோளாறு காரணமாக இருப்பது அரிது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, எடையைச் சத்தமாகப் படிக்கும் வழக்கத்தை யார் கொண்டுவந்தார்கள்? எங்கள் பள்ளியில் சண்டை போட்டுத்தான் அதை நிறுத்தினேன். எடைக்காகக் கேலி செய்யப்படும் பிள்ளைகளுக்கு எடை மேலும் கூடவே வாய்ப்பு அதிகம். இப்படி எடையில் இத்தனை அக்கறை காட்டுகிறவர்கள்தான், தேர்வு நெருங்கியதும் முதல் வேலையாக என் வகுப்பை எடுத்துக் கணக்குக்குக் கொடுக்கிறார்கள். என்னை அலுவலக அறையில் பதிவேடு எழுத உட்காரவைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு அசைவு வேண்டும். எங்களுக்குக் கிடைப்பதோ வாரத்தில் இரண்டு வகுப்புகள், அதிலும் ஒன்று பறிபோகும். மதிப்பெண் குறைந்தால் கேள்வி கேட்கும் பெற்றோர் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நீங்களாவது கேளுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், கால அட்டவணையில் இருப்பதை விட்டுவிட்டு, சென்ற மாதம் விளையாட்டு வகுப்பு உண்மையில் எத்தனை முறை நடந்தது என்று கேளுங்கள். இன்று இரவு அவனை ஒன்பது மணிக்குத் தூங்கவையுங்கள், சாப்பிடவைத்த பிறகு.