முள் மூங்கில், கல் மூங்கில்: நாற்று வாங்கும் முன்

கேள்வி: மலையடிவாரத்தில் ஓடையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. நாட்டு மூங்கில் வைக்க ஆசை. ஒரு நாற்றங்காலில் 'பாம்புசா அருண்டினேசியா' என்கிறார்கள். இன்னொரு இடத்தில் 'பாம்புசா பாம்போஸ்' என்று சொல்லி இரு மடங்கு விலை கேட்கிறார்கள். மூன்றாமவரோ கல் மூங்கில்தான் நாட்டு ரகம் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: முதல் இரண்டும் ஒரே செடி, நம் முள் மூங்கில். பெயருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். 1753இல் தாவரங்களுக்குப் பெயர் வைத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் இதை நாணலோடு சேர்த்து 'அருண்டோ பாம்போஸ்' என்றார். பின்னர் மூங்கிலுக்குத் தனிப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி; பெயரின் முதல் பாதி) பிறந்தபோது, 'நாணலை ஒத்தது' என்ற பொருளில் 'அருண்டினேசியா' என்ற பெயர் வந்து பழைய நூல்களில் ஊறிவிட்டது. முதலில் வைத்த சிற்றினப் பெயருக்கே (பெயரின் இரண்டாம் பாதிக்கே) முன்னுரிமை என்பது தாவரவியல் விதி. ஆகவே இன்று செல்லும் பெயர் பாம்புசா பாம்போஸ்.

கல் மூங்கிலும் நம் மண்ணுக்கு உரியதே. ஆனால் அதன் பேரினம் வேறு: டென்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ். இரண்டுமே நெல், கரும்பு போல புல் குடும்பம். இந்திய வனச் சட்டம்தான் மூங்கிலை வெகுகாலம் மரம் என்றது. 2017 திருத்தத்தில் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

பேரினத்தைப் பிரிக்கத் தாவரவியலார் பூவைப் பார்ப்பார்கள். மூங்கில் பூப்பதோ பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை! நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். கணுவில் மூன்று மூன்றாக வளைந்த முள், நடு முள் நீளம், கழியின் உள்ளே கூடு (வெற்றிடம்) என்றால் முள் மூங்கில். முள்ளே இல்லாமல், கழி ஒல்லியாகவும் ஏறக்குறைய கெட்டியாகவும் இருந்தால் கல் மூங்கில். ஒன்று கவனியுங்கள்: ஈரம் மிகுந்த இடத்தில் வளர்ந்தால் கல் மூங்கிலிலும் கூடு விழும். அதனால் வெட்டிப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். 'முள்ளில்லா மூங்கில்' என்று விற்பவை பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வந்த வேறு இனங்கள்.

நாற்றங்காலில் நீங்கள் கேட்க வேண்டியது பெயரை அல்ல, வயதை. இது விதை நாற்றா, பழைய குத்திலிருந்து (மூங்கில் புதரிலிருந்து) எடுத்த கிழங்கா? முள் மூங்கில் சுமார் 32 முதல் 45 ஆண்டில் ஊரே பார்க்கப் பூத்து, மூங்கிலரிசி உதிர்த்து, குத்தோடு காய்ந்துவிடும். கிழங்கில் வந்த கன்றுக்குத் தாய்க் குத்தின் வயதுதான். தாய் 30 வயதென்றால் உங்கள் கன்றும் சில ஆண்டுகளிலேயே பூத்துச் சாகலாம். விதை நாற்று என்றால் எந்த ஆண்டு விதை என்று கேட்டு எழுதி வையுங்கள்.

உங்கள் ஓடைக்கரைக்கு முள் மூங்கில் பொருந்தும். அதற்கு ஈரம் வேண்டும், கரையையும் பிடித்து நிற்கும். மேட்டுப் பகுதி வறண்டதென்றால் அங்கே கல் மூங்கில் வையுங்கள். ஏணிக்கும் தடிக்கும் அதுதான் விலை போகும். முள் மூங்கிலுக்குக் கன்றுக்குக் கன்று 6 மீட்டராவது விடுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்தே அடிப்பக்கத்து முள் கிளைகளைக் கழித்து வாருங்கள். விட்டுவிட்டால், கழி முற்றி வெட்டும் நாளில் குத்துக்குள் கை நுழைக்க முடியாது.